மாதவிலக்கு நிற்கும்வரை நெஞ்சுக்குக் காவல் உண்டா?
ஈஸ்ட்ரோஜனும் பெண்களின் இதயமும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

"பொம்பளைக்கு மாதவிலக்கு நிக்கிற வரைக்கும் மாரடைப்பு வராது." புதுச்சேரியின் காலாப்பட்டில் இந்தப் பேச்சை மீன் கூடை இறக்கும் கரையிலும் கேட்கலாம், பல்கலைக்கழகத்துக்கு எதிரே பேருந்துக்கு நிற்பவர்களிடமும் கேட்கலாம். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் கிடையாது. இது முழுப் பொய்யும் அல்ல. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பு இதயத் தசைக்கு உண்மையிலேயே துணை நிற்கிறது. ஆனால் அந்தத் துணைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றில் முதன்மையானது, ரத்தத்தில் சர்க்கரை அளவோடு இருப்பது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 20 வயதைக் கடந்த இந்தியர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் வரிசையில் முதலிடம் கோவா, 26.4 சதவீதம். அடுத்த இடம் புதுச்சேரி, 26.3 சதவீதம். அதாவது நான்கில் ஒருவருக்குச் சற்று மேல். இப்படிப்பட்ட ஊரில் "பெண் என்பதால் பயமில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பது உயிரோடு விளையாடுவது. அதனால்தான் இந்தச் சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பை சம்பந்தப்பட்டதுதானே? அதுக்கும் நெஞ்சுக்கும் என்ன தொடர்பு?

அது பெரும்பாலும் சினைப்பையில் உண்டாகிறது. வேலை செய்வதோ உடம்பு முழுக்க. ரத்தத்தில் கலந்து வரும் இந்தச் சுரப்பைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் எலும்பில், மூளையில், ரத்தக்குழாயின் உள்சுவரில், இதயத் தசை செல்களில் எல்லாம் இருக்கின்றன. ஆல்பா, பீட்டா என்று இவற்றில் இரண்டு முக்கிய வகைகள். பீட்டா வகை இருப்பதே 1996-ல்தான் தெரியவந்தது.

ரத்தக்குழாயில் நடப்பது ஓரளவு எளிது. ஈஸ்ட்ரோஜன் உள்சுவரைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்க வைக்கிறது. அதனால் குழாய் இளகி விரிகிறது. கல்லீரல், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து அதிகமாக இழுத்துக்கொள்ளவும் அது உதவுகிறது. மாதவிலக்கு நின்றபின் பல பெண்களுக்குக் கொழுப்புக் கணக்கு திடீரென்று ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதயத் தசையில் நடப்பது இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு துடிப்பிலும் தசை செல்லுக்குள் கால்சியம் பாய்ந்து தசை சுருங்குகிறது. கால்சியம் வெளியேறினால்தான் தசை தளரும். இந்த வரவும் செலவும் ஒழுங்காக நடக்க ஈஸ்ட்ரோஜன் கை கொடுக்கிறது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைச் சேதத்திலிருந்து காக்கிறது. ரத்த ஓட்டம் தடைபட்டுத் திணறும் செல் உடனே மடிந்துவிடாமல் இருப்பதற்கான சமிக்ஞைகளைத் தட்டி எழுப்புகிறது. ரத்த அழுத்தம் கூடும்போது தசை அளவுமீறித் தடிப்பதையும், தசைகளுக்கு இடையே நார் படிந்து இதயம் விறைப்பதையும் மட்டுப்படுத்துகிறது. இவற்றில் பெரும்பகுதி, சினைப்பை நீக்கப்பட்ட எலிகளிலும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களிலும் நேரடியாகக் கண்டது. மனிதர்களிடம் கிடைக்கும் சான்றுகள் மறைமுகமானவை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் மாத்திரை விவகாரம் தெளிவாகப் புரியும்.

அப்படின்னா மாதவிலக்கு உள்ளவரைக்கும் பயமில்லைதானே?

நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ல் தொடங்கிய இதய ஆய்வில் 2,873 பெண்களை 24 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 1970களில் வெளியான கணக்கில், மாதவிலக்கு நிற்காத பெண்களில் ஒருவருக்குக்கூட மாரடைப்பு பதிவாகவில்லை. பிறகு 2004-ல் வெளியான, 52 நாடுகளை உள்ளடக்கிய இன்டர்ஹார்ட் ஆய்வில், பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் 9 ஆண்டுகள் தாமதமாக வருவது தெரிந்தது.

அதே இன்டர்ஹார்ட் இன்னொன்றையும் சொன்னது. தெற்காசியர்களுக்கு, ஆணோ பெண்ணோ, மற்ற நாட்டவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே மாரடைப்பு வருகிறது. ஃப்ராமிங்ஹாமின் பெண்கள் அந்தக் காலத்து வெள்ளையர்கள். அவர்களுக்கு இவ்வளவு சர்க்கரை நோய் இல்லை. மேற்கு நாடுகளில் மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு 46, 47. ஈஸ்ட்ரோஜன் துணை நிற்கும் காலமே நமக்கு நான்கைந்து ஆண்டுகள் குறைவு. புகையிலைப் பழக்கம் இருந்தால் அந்தக் காலம் இன்னும் குறையும். சிகரெட் பிடிக்கும் பெண்களுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே மாதவிலக்கு நின்றுவிடுகிறது. நம் கடற்கரைக் கிராமங்களில் பெண்கள் சிகரெட் தொடுவது அரிது. வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம் வயதான பெண்களிடம் உண்டு. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் அதுவும் தீங்குதான்.

எனக்கு சுகர் இருக்கு, வயசு நாப்பதுதான். ஈஸ்ட்ரோஜன் காப்பாத்தாதா?

நம்பி இருக்க வேண்டாம். இதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பதில்.

சர்க்கரை நோய் ரத்தக்குழாயின் உள்சுவரைப் பாழாக்குகிறது. ஈஸ்ட்ரோஜன் தூண்டினாலும் நைட்ரிக் ஆக்சைடு போதுமான அளவு கிடைப்பதில்லை, கிடைத்ததும் நிலைப்பதில்லை. இதயத் தசை சர்க்கரையைச் சரியாக எரிக்க முடியாமல் கொழுப்பை நம்பி ஓடத் தொடங்குகிறது. அதனால் மைட்டோகாண்ட்ரியா களைக்கிறது, நார் படிகிறது. ஈஸ்ட்ரோஜன் எந்த வேலைகளைச் செய்து இதயத்தைத் தாங்குகிறதோ, அதே இடங்களில்தான் சர்க்கரையும் கை வைக்கிறது.

விளைவு என்ன? ஃப்ராமிங்ஹாம் ஆய்வே 1974-ல் காட்டியது: சர்க்கரை நோயுள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு மற்ற ஆண்களைவிட இரு மடங்குக்குச் சற்று அதிகம், சர்க்கரை நோயுள்ள பெண்களுக்கோ மற்ற பெண்களைவிட ஐந்து மடங்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இருந்த அந்த 9 ஆண்டு இடைவெளியைச் சர்க்கரை நோய் விழுங்கிவிடுகிறது. கர்ப்ப காலத்தில் சர்க்கரையோ, பிரஷரோ வந்து பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்டதாகச் சொல்லப்பட்ட பெண்களுக்கும் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அந்தப் பிரசவச் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொள்வது நல்லது.

கர்ப்பப்பை எடுத்துட்டாங்க. இனிமே ஈஸ்ட்ரோஜன் சுரக்காதா?

எதை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. வருத்தமான விஷயம், அறுவை செய்துகொண்ட பெண்களில் பலருக்கே அது தெரியாது. "எல்லாத்தையும் எடுத்தாச்சு" என்ற ஒற்றைச் சொல்லோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும். சினைப்பை தொடர்ந்து சுரக்கும். ஆனால் அதற்குப் போகும் ரத்த ஓட்டம் பாதிக்கப்படலாம் என்பதால், சில ஆண்டுகள் முன்னதாகவே அது ஓய்ந்துவிடுவதுண்டு. இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால், சில நாட்களிலேயே ஈஸ்ட்ரோஜன் அதலபாதாளத்துக்குப் போகிறது. இயல்பாக நிற்கும்போது உடம்பு பல ஆண்டுகளில் பழகிக்கொள்ளும் மாற்றத்தை இங்கே ஒரு வாரத்தில் தாங்க வேண்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 45 வயதுக்கு முன் இரு சினைப்பைகளும் எடுக்கப்பட்ட பெண்கள் இதய நோயால் இறப்பது அதிகமாக இருந்தது. அவர்களிலும் 45 வயது வரையேனும் ஈஸ்ட்ரோஜன் மருந்து எடுத்துக்கொண்டவர்களிடம் அந்த அதிகரிப்பு காணப்படவில்லை.

இந்தியாவில் கர்ப்பப்பை நீக்கம் தனிப்பட்ட ஒருவரின் பிரச்சினையாக நிற்பதில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை நீக்கப்பட்டிருந்தது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்கு இளவயதிலேயே கர்ப்பப்பை எடுக்கப்பட்ட கொடுமை 2019-ல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. தேவையற்ற கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்க மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. வெள்ளைப்படுதலுக்கும், சிறிய கட்டிக்கும், அதிக உதிரப்போக்குக்கும் மருந்து உட்பட வேறு வழிகள் இருக்கும்போது 35 வயதில் உறுப்பையே எடுத்துவிடுவது இதயத்தின் கணக்கிலும் பெரிய இழப்பு. அறுவைக்குக் கையெழுத்துப் போடும் முன் "சினைப்பையையும் எடுக்கிறீர்களா? ஏன்?" என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு. ஏற்கெனவே எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி என்ன எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். 45 வயதுக்குள் இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டிருந்தால், ஈஸ்ட்ரோஜன் மருந்து தேவையா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்போ மாதவிலக்கு நின்ன எல்லாரும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிட்டா நெஞ்சுக்கு நல்லதுதானே?

ஒரு காலத்தில் மருத்துவ உலகமே அப்படித்தான் நினைத்தது. குறையும் பொருளை மாத்திரையாகத் திருப்பிக் கொடுத்தால் பாதுகாப்பும் திரும்பும் என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. மாத்திரை எடுத்த பெண்களைக் கவனித்த ஆய்வுகளும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்றன. அந்தப் பெண்கள் பெரும்பாலும் வசதியானவர்கள், மருத்துவரை அடிக்கடி பார்ப்பவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள் என்பது கணக்கில் சரியாக ஏறவில்லை.

உண்மையைச் சோதித்த பெரிய ஆய்வு, பெண்கள் நல முனைப்பு எனப்படும் அமெரிக்க அரசு ஆய்வு. 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு வெறும் மாத்திரை கொடுத்தார்கள். அவர்களின் சராசரி வயது 63. தீமை நன்மையை மிஞ்சியதால் 2002 ஜூலையில், குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 30 பேருக்கு இதயத் தமனி நோய். மருந்து எடுத்தவர்களில் 37 பேருக்கு. பக்கவாதம் 21-லிருந்து 29 ஆனது. ரத்தக்கட்டு இரு மடங்கானது. கர்ப்பப்பை இல்லாத 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்த பிரிவும் 2004-ல் நிறுத்தப்பட்டது. அதில் இதயத்துக்கு நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை, பக்கவாதம் கூடியது. ஏற்கெனவே இதய நோய் உள்ள 2,763 பெண்களிடம் நடந்து 1998-ல் முடிவு வெளியான ஹெர்ஸ் ஆய்விலும் பலன் இல்லை. முதல் ஆண்டில் ஆபத்து அதிகமாகவே இருந்தது.

ஏன் இப்படி? இரண்டு காரணங்கள். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரல் வழியாகப் போவதால், ரத்தம் உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. இன்னொன்று காலம். குழாய் சுத்தமாக இருக்கும்போது காக்கிற அதே பொருள், பத்துப் பதினைந்து ஆண்டு கொழுப்பு படிந்த பிறகு வந்தால் அந்தப் படிவை உடைய வைக்கக்கூடும். 2016-ல் வெளியான எலைட் என்ற ஆய்வு 643 பெண்களின் கழுத்துத் தமனியை அளந்து பார்த்தது. மாதவிலக்கு நின்று 6 ஆண்டுகளுக்குள் தொடங்கியவர்களுக்குத் தமனிச் சுவர் தடிப்பது மெதுவானது. 10 ஆண்டுகள் கழித்துத் தொடங்கியவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை.

இன்றைய மருத்துவ நிலைப்பாடு இதுதான்: இதயத்தைக் காக்க என்று ஈஸ்ட்ரோஜன் மருந்து எடுக்க வேண்டாம். ஆனால் உடம்பெல்லாம் சூடேறி, ராத்திரி வேர்த்து, தூக்கம் கெட்டுத் தவிக்கும் 60 வயதுக்குட்பட்ட பெண், மாதவிலக்கு நின்று பத்து ஆண்டு ஆகாதவர், மார்பகப் புற்றுநோயோ மாரடைப்போ பக்கவாதமோ ரத்தக்கட்டோ வராதவர், மருத்துவர் மேற்பார்வையில் எடுத்துக்கொள்ளலாம். தோலில் ஒட்டும் பட்டையாகவோ பூசும் ஜெல்லாகவோ எடுத்தால் ரத்தக்கட்டு ஆபத்து குறைவு. கர்ப்பப்பை இருப்பவர்களுக்குப் புரோஜெஸ்டிரோனும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்த சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்குவது வேண்டவே வேண்டாம். 2002 செய்தியால் பயந்து, உண்மையில் தேவைப்பட்ட இளவயதுப் பெண்களுக்கும் பல ஆண்டுகள் இந்த மருந்து மறுக்கப்பட்டது. அதுவும் அநியாயம்தான்.

உளுந்தங்களி, எள்ளுருண்டை, சோயா சாப்பிட்டா ஈஸ்ட்ரோஜன் ஏறுமா?

ஏறாது. எள், ஆளி விதை, சோயா ஆகியவற்றில் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற அமைப்புள்ள தாவரப் பொருட்கள் உண்டு; அவற்றின் வேகம் மிகக் குறைவு. உணவாக நல்லவை, மருந்துக்கு மாற்று அல்ல. பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டுக் கிளறிய களி சத்தான உணவு. அதே களியைச் சர்க்கரை நோயுள்ள ஐம்பது வயது அம்மா தினமும் சாப்பிட்டால் சர்க்கரைதான் ஏறும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நம் கடற்கரையின் கருவாட்டில் உப்பு மிக அதிகம். மாதவிலக்கு நின்றபின் பல பெண்களுக்கு உப்பின் தாக்கத்தால் பிரஷர் ஏறுவது கூடுகிறது. கருவாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. ஊறவைத்துக் கழுவி, வாரத்தில் ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளலாம்.

மாலா-என் கருத்தடை மாத்திரையிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கே, அது நெஞ்சைப் பாதிக்குமா?

இருக்கிறது; சிறிய அளவில் எத்தினில் எஸ்ட்ராடியால் என்ற செயற்கை வகை. ஆரோக்கியமான இளம்பெண்ணுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது. 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர், பிரஷர் உள்ளவர், காலில் ரத்தக்கட்டு வந்தவர், கண்ணில் மின்னலடித்து ஒற்றைத் தலைவலி வருபவர், வால்வு நோயில் சிக்கல் உள்ளவர், இதயத் தமனி நோய் உள்ளவர் எடுக்கக் கூடாது. சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்ட பெண்கள் நம் பகுதியில் உண்டு. அவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் சாயா கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது அது.

ஆம்பளைக்கும் ஈஸ்ட்ரோஜன் உண்டா?

உண்டு. மாதவிலக்கு நின்ற 60 வயதுப் பெண்ணின் ரத்தத்தில் இருப்பதைவிட, அதே வயது ஆணின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அதிகம். ஆண் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியே உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பிறவியிலேயே வேலை செய்யாத ஒரு இளைஞரைப் பற்றி 1994-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அவருக்கு எலும்பு பலவீனம். பின்னர் சோதித்ததில் ரத்தக்குழாயும் சரியாக விரியவில்லை. ஆகவே ஆணுக்கும் இது தேவை. ஆனால் வெளியிலிருந்து கொடுத்தால் கெடுதல். மாரடைப்பு வந்த ஆண்களுக்கு அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அதிக அளவு கொடுத்த பிரிவை 1970-லும் குறைந்த அளவு பிரிவை 1973-லும் நிறுத்த வேண்டியிருந்தது. குடியால் கல்லீரல் கெட்ட ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கூடி மார்பு பெருப்பதுண்டு; அந்தக் கூடுதல் இதயத்தைக் காப்பதில்லை, குடி இதயத் தசையை நேரடியாகவே கெடுக்கிறது.

சுரப்பு மருந்து எடுக்கும் திருநங்கையருக்கு இங்கே ஒரு வார்த்தை. கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்று கருத்தடை மாத்திரையை இரண்டு மூன்றாகச் சேர்த்து விழுங்குவது மிக ஆபத்து. அதில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகக் காரணமாகலாம். எஸ்ட்ராடியால் பட்டை அல்லது ஜெல், மருத்துவர் சொல்லும் அளவில், ரத்தப் பரிசோதனையோடு எடுப்பதே பாதுகாப்பு. கேள்வி கேட்காமல், கேலி செய்யாமல் இந்தச் சிகிச்சையைத் தருவது மருத்துவமனைகளின் கடமை.

நெஞ்சு வலிச்சா கேஸ்னு சொல்லிடுறாங்களே?

சொல்லுபவர்களில் வீட்டாரும் உண்டு, சில இடங்களில் மருத்துவரும் உண்டு. பெண்களுக்கும் மாரடைப்பின் முதன்மை அறிகுறி நெஞ்சுவலிதான். ஆனால் அதோடு மூச்சு வாங்குதல், தாடை, முதுகு, தோள்பட்டை வலி, குமட்டல், காரணமில்லாத அசதி ஆகியவை ஆண்களைவிட அதிகமாகச் சேர்ந்து வருகின்றன. சர்க்கரை நோய் இருந்தால் வலியே தெரியாமலும் போகலாம். மாதவிலக்கு நிற்கும் காலத்துச் சூடும் படபடப்பும் இதோடு குழம்பிவிடும். அந்தச் சூடு சில நிமிடங்களில் முகத்தில் ஏறி இறங்கும். குளிர்ந்த வேர்வையோடு, நடந்தால் கூடி, உட்கார்ந்தால் குறையும் அடைப்பு நெஞ்சைச் சேர்ந்தது. சோடா குடித்துப் பார்க்கும் அரைமணி நேரத்தில் தசை மடியத் தொடங்கிவிடும்.

காலாப்பட்டுக்காரர்களுக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. கணபதிசெட்டிகுளத்தில் பிம்ஸ் மருத்துவக் கல்லூரி, கோரிமேட்டில் ஜிப்மர், நகரில் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை என்று எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். 108-ஐ அழைத்து, போனதும் "ஈசிஜி எடுங்கள்" என்று கேளுங்கள். வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பதே விதி. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம்.

துக்கத்துல நெஞ்சு வெடிச்சுச் செத்தாங்கன்னு சொல்றது நிஜமா?

அப்படி ஒரு நோய் உண்டு. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். இதயத்தின் நுனிப் பகுதி திடீரென்று செயலிழந்து ஊதி, ஜப்பான் மீனவர்கள் கணவாய்க்கு உறவான ஆக்டோபஸைப் பிடிக்கப் போடும் பானை போல ஆகிவிடும். அந்தப் பானையின் பெயரே நோய்க்கும்: டகோட்சுபோ. ஈசிஜி மாரடைப்பு போலவே இருக்கும். ஆஞ்சியோ பார்த்தால் அடைப்பு இருக்காது. 2015-ல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டின் 1,750 நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், சராசரி வயது 67-ஐ ஒட்டி. அதிர்ச்சியில் பொங்கும் அட்ரினலின் தசையைத் தாக்கும்போது அதைத் தணிக்க ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போவது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. 2004 அக்டோபரில் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, மையத்துக்கு அருகில் வாழ்ந்த வயதான பெண்களிடம் இந்த நோய் திடீரென்று கூடியதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதற்கு இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 26-ல், நம் குப்பங்களுக்குள் கடல் சுனாமியாக ஏறி வந்தது. மகனையும் பேரனையும் பறிகொடுத்த தாய்மார்கள் "நெஞ்சு அடைக்குது" என்றால், அதை அழுகையோடு சேர்த்துத் தள்ளிவிடாமல் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள்; ஆனால் முதல் சில நாட்களின் ஆபத்து மாரடைப்புக்குக் குறைந்ததல்ல.

எக்கோல பம்பிங் நல்லா இருக்குன்னாங்க. ஆனா மாடி ஏறினா மூச்சு வாங்குது, கால் வீங்குது.

சுருங்கும் திறன் சரியாக இருந்தும், தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளும் திறன் குறைந்துபோன இதயச் செயலிழப்பு இது. மாதவிலக்கு நின்ற, பிரஷரும் சர்க்கரையும் உடல் பருமனும் உள்ள பெண்களிடம் அதிகம். ஈஸ்ட்ரோஜன் போனபின் நார் படிந்து தசை விறைப்பது இதன் ஒரு பகுதி. "பம்பிங் 60 சதவீதம்" என்ற ஒரே எண்ணைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. தளர்வுத் திறனைப் பற்றியும் எக்கோ அறிக்கையில் எழுதியிருப்பார்கள், கேளுங்கள். சர்க்கரைக்காக வந்த எஸ்.ஜி.எல்.டி.2 வகை மாத்திரைகள் இந்த நோயில் பலன் தருவது அண்மை ஆண்டுகளில் உறுதியாகியிருக்கிறது.

குழந்தை பொறந்து ஒரு மாசம் ஆச்சு. படுத்தா மூச்சு முட்டுது. பச்சை உடம்புக்காரிக்கு அப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்க.

அப்படி இருக்கக் கூடாது. இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பிரசவத்துக்கு முந்தைய கடைசி மாதம் முதல் பிந்தைய ஐந்து மாதம் வரை, முன்பு எந்தக் குறையும் இல்லாத இதயம் பலவீனமாகும் நோய் உண்டு. நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியாக விழுகிறது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினின் உடைந்த துண்டு ஒன்று இதயத்தின் சிறு ரத்தக்குழாய்களைக் கெடுக்கிறது என்று 2007-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியாமை, இரவில் இருமல், குறையாத கால் வீக்கம் ஆகியவை அடையாளம். எக்கோ எடுத்தால் தெரிந்துவிடும். சரியான நேரத்தில் பிடித்தால் பலருக்கு இதயம் பழைய நிலைக்கே திரும்பும். அடுத்த கர்ப்பத்துக்கு முன் இதய மருத்துவரின் கருத்து கட்டாயம்.

ஆஞ்சியோ நார்மல்னு அனுப்பிட்டாங்க. வலி மட்டும் போகலை.

ஆஞ்சியோவில் தெரிவது இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் பெரிய தமனிகள் மட்டும். தசைக்குள் ரத்தத்தைக் கொண்டு சேர்க்கும் சிறு குழாய்கள் அதில் தெரியாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் இந்தச் சிறு குழாய்கள் சரியாக விரியாமல் வலி வருவது பெண்களிடம் அதிகம். அமெரிக்காவில் 1990களில் தொடங்கிய வைஸ் ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. இதை மனப்பிரமை என்று சொல்லி அனுப்புவது தவறு. அடைப்பு இல்லாத இந்த வலி உள்ளவர்களுக்கும் பின்னாளில் மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதே அறிக்கையை எடுத்துக்கொண்டு இதய மருத்துவரிடம் திரும்பப் போய், "சிறு குழாய்களில் கோளாறு இருக்குமா?" என்று கேளுங்கள். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் கொண்டுவரும் மருந்துகளோடு வலிக்கான மருந்தும் கொடுப்பார்கள்.